மேல்காற்றும் கீழ்க்காற்றும்: விறகும் புகையில்லாக் கரியும் எரிக்கும் 5 கிலோவாட் கணப்படுப்பு பற்றிய மதிப்புரை

விறகையும் புகையில்லாக் கரியையும் ஒரே அடுப்பில் எரிக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் மல்ட்டிஃப்யூவல் கணப்படுப்புகள் வட இங்கிலாந்தின் பழைய செங்கல் வீடுகளில் பரவலாக உள்ளன. ஷெஃபீல்டில் நாங்கள் வசிக்கும் வீட்டின் முன்னறையிலும் அத்தகைய அடுப்பு ஒன்று பல குளிர்காலங்களாக எரிந்துவருகிறது. எஃகுத் தகட்டால் ஆன உடல், வார்ப்பிரும்புக் கதவு, 5 கிலோவாட் வெப்பத்திறன், கதவுக்கு மேலே இடவலமாக நகரும் காற்றுப் பிடி ஒன்று, கதவுக்குக் கீழே திருகித் திறக்கும் காற்றுச் சக்கரம் ஒன்று, கரியை ஆதரிக்கும் இரும்புக் கிராதி, அதற்கடியில் சாம்பல் தட்டு என்பதே அதன் அமைப்பு. ஏறத்தாழ இதே அமைப்பில் பல நிறுவனங்கள் அடுப்பு செய்கின்றன. நான் சொல்லவிருப்பவை அந்த அமைப்பைப் பற்றியவை என்பதால், எங்கள் அடுப்பைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல அடுப்பு. ஆனால் இதன் இரு காற்றுவழிகளையும் கற்றுக்கொள்ள மனமில்லாதவர் இதை வாங்கவே கூடாது. ஒரே இரும்பு உடலுக்குள் இரண்டு வெவ்வேறு அடுப்புகள் இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதில் அவற்றுள் எது எரிகிறது என்பதை நாம் போடும் எரிபொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை; எந்தக் காற்றுவழியைத் திறக்கிறோம், எதை மூடுகிறோம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. விற்பனைக் கூடத்தில் அடுப்பின் நிறம், காலின் வடிவம், கண்ணாடியின் அகலம் ஆகியவற்றை விரிவாகக் காட்டுகிறார்கள்; இந்த அடிப்படைச் செய்தியைச் சொல்வோர் மிகக் குறைவு.

5 கிலோவாட் என்ற அளவு ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி, இயல்பாகவே காற்றுக் கசிவுள்ள பழைய வீடுகளில் 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பை நிறுவினால், வெளிக்காற்று எப்போதும் உள்ளே வரும்படி நிரந்தரத் திறப்பு ஒன்றை அமைத்தாக வேண்டும். அந்த அளவுக்குள் இருக்கும் அடுப்புக்குப் பழைய வீட்டில் அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. குளிரைத் தடுக்க அடுப்பு வாங்குபவர் சுவரில் துளையிட்டுக் குளிரை அழைக்க விரும்புவதில்லை; ஆகவே நிறுவனங்களும் 5 கிலோவாட் என்ற எல்லையை ஒட்டியே தம் அடுப்புகளை வடிவமைக்கின்றன. நடுத்தர அளவுள்ள அறைக்கு அது போதுமானதும் கூட.

காற்றுவழிகள் இரண்டு ஏன் என்பதை விளக்காமல் இந்த அடுப்பை மதிப்பிட இயலாது. காய்ந்த விறகைச் சூடாக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ எரியக்கூடிய வாயுக்களாக வெளியேறுகிறது. நாம் காணும் நீண்ட மஞ்சள் சுடர்கள் அந்த வாயுக்கள் எரிவதால் தோன்றுபவையே. அவை விறகுக்கு மேலேயுள்ள வெளியில் எரிவதால், அவற்றுக்கு வேண்டிய காற்றும் மேலேதான் வந்துசேர வேண்டும். புகையில்லாக் கரி இதற்கு நேர்மாறானது. ஆந்த்ரசைட் என்னும் இயற்கை நிலக்கரியானாலும், கரித்தூளை அழுத்திச் செய்த முட்டை வடிவக் கட்டிகளானாலும், அதில் வாயுவாக வெளியேறும் பகுதி மிகக் குறைவு. ஆந்த்ரசைட்டில் அது பத்து விழுக்காட்டுக்கும் கீழ். அங்கே எரிவது கரியின் திடப்பொருளேயாதலால், காற்று கிராதியின் இடைவெளிகள் வழியாகக் கீழிருந்து புகுந்து, கங்குகளுக்கு ஊடாக ஏறிச் செல்ல வேண்டும்.

கீழ்ச்சக்கரம் இந்தக் கீழ்க்காற்றைத் தருகிறது. மேல்பிடி தருவது மேல்காற்று. அது கதவின் மேல்விளிம்பில் புகுந்து, கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி இறங்கி, புகை கண்ணாடியில் படியாமல் தடுத்தபின் தீயை அடைகிறது. இவற்றைத் தவிர, அடுப்பின் பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே வரும் காற்று வழியிலேயே சூடேறி, எஞ்சிய புகை வாயுக்களை எரிக்கிறது. அதற்குப் பிடி எதுவும் இல்லை, அது எப்போதும் திறந்தே இருக்கும். அடுப்பு நன்கு சூடேறிய பின் விறகுக்கு மேலே, எதையும் தொடாமல், அந்தத் துளைகளிலிருந்தே சுடர் பிறப்பதுபோல் தோன்றும் நேரம் உண்டு. அடுப்பு தன் முழுத் தகுதியோடு இயங்குவதற்கு அதைவிட நம்பத்தக்க அடையாளம் வேறில்லை.

இந்த இடத்தில் ஊரில் விறகடுப்போடு பழகிய நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. திறந்த அடுப்பில் தீ சோர்ந்தால் ஊதுகுழலை எடுத்துத் தணலின் அடியில் ஊதுவோம். அது அங்கே முற்றிலும் சரியான செயல். மூடிய கணப்படுப்பில் விறகு எரியும்போது அதே எண்ணத்துடன் கீழ்ச்சக்கரத்தைத் திறந்து வைத்தால், விறகு கொல்லன் உலையில் இட்டதைப்போல் சீறி எரிந்து சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்கு வராமல் புகைபோக்கி வழியே போய்விடும். பற்றவைக்கும் நேரம் தவிர, விறகுக்குக் கீழ்க்காற்று வேண்டாம்.

விறகுக்கு நான் பின்பற்றும் முறை இது. பெரிய கட்டைகள் இரண்டைக் கீழே வைத்து, அவற்றின்மேல் சுள்ளிகளை அடுக்கி, உச்சியில் தீ வைத்தால், சுடர் மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல இறங்கும். கீழே உள்ள கட்டைகளிலிருந்து எழும் வாயுக்கள் மேலேயுள்ள சுடருக்குள் புகுந்து எரிந்துவிடுவதால் தொடக்கப் புகை பெரிதும் குறைகிறது. அப்போது இரு காற்றுவழிகளும் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். கதவையும் சில நிமிடங்களுக்கு ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அறையை விட்டு அகலக் கூடாது. கட்டைகள் நன்கு பற்றியதும் கீழ்ச்சக்கரத்தை முற்றிலும் மூடிவிட்டு, மேல்பிடியைப் படிப்படியாகப் பாதியளவுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்தியபின் சுடர் சோம்பலாக அசைந்தாலும் ஒளி குன்றாமல் இருந்தால் அளவு சரி; சுடர் கருஞ்சிவப்பாக மங்கி, உட்சுவர்ச் செங்கற்களில் கருமை படரத் தொடங்கினால் காற்று போதவில்லை என்று பொருள். உட்செங்கற்கள் வெளிறிய நிறத்திலேயே இருப்பது நல்ல எரிதலின் அடையாளம். வெளியே சென்று புகைபோக்கியின் உச்சியைப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நேர்மையான சோதனை. நன்கு எரியும் அடுப்பின் புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரியும் புகை இருக்காது.

ஒவ்வொரு முறை கட்டை இடும்போதும் மேல்பிடியை முதலில் முழுமையாகத் திறந்து, சற்றுப் பொறுத்து, கதவை மெல்லத் திறக்க வேண்டும். வெடுக்கெனத் திறந்தால் புகை அறைக்குள் பாயும். ஒன்றிரண்டு கட்டைகளுக்கு மேல் இடத் தேவையில்லை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும் விறகின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அடுப்பின் செயல்திறன் முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்று கொண்டால், 5 கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விறகு போதும். அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்றை இறுக்கி மூடி, இரவு முழுவதும் எரியவிட வேண்டும் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு காற்றை மூடி விறகைப் புகையவிடுவதே இந்த வகை அடுப்புக்கு இழைக்கப்படும் மிகப் பெரிய தீங்கு. வாயுக்கள் வெளியேறுகின்றன, ஆனால் அவற்றை எரிக்கக் காற்று இல்லை. அவை குளிர்ந்த புகைபோக்கியில் தாராகப் படிகின்றன. பின்னொரு நாள் பலமான தீ மூட்டும்போது அந்தத் தார் பற்றிக்கொள்வதுதான் புகைபோக்கித் தீ. கண்ணாடி கறுப்பதை மட்டும் குறையாகக் கருதித் துடைப்பவர்கள், அதே கறை புகைபோக்கியின் முழு நீளத்திலும் படிந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே துணி எட்டாது. வீட்டின் முன் நடந்து செல்லும் குழந்தையின் மூச்சில் கலப்பதும் அதே புகைதான்.

புகையில்லாக் கரியிடம் பொறுமை வேண்டும்; அதற்குரிய பலனும் உண்டு. சாம்பல் தட்டைக் காலி செய்து, கிராதியை அசைத்துப் பழைய சாம்பலை உதிர்த்து, சுள்ளித் தீயின் மேல் சிறிதளவு கரியை மட்டும் இட்டு, கீழ்ச்சக்கரத்தை முழுவதும் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். கரி நன்கு கனன்று சிவக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம்; அதன் பிறகே மேலும் கரி சேர்க்க வேண்டும். கனன்ற பின் கீழ்ச்சக்கரத்தைக் கால் பங்குக்கு இறக்கினால், விறகு ஒருபோதும் தராத சீரான வெப்பம் பல மணி நேரம் நிலைத்திருக்கும். மேல்பிடியை அப்போது முற்றிலும் மூடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கங்குகளின் மேல் நீல நிறத்தில் நடனமாடும் சிறு சுடர்கள் கார்பன் மோனாக்சைடு எரிவதால் தோன்றுபவை. அவை எரிந்து முடிய மேலே சிறிதேனும் காற்று வேண்டும்.

இரு எரிபொருள்களுக்கும் இடையே எனக்குப் பெரிதாகத் தோன்றும் வேறுபாடு, பிடியை நகர்த்தியபின் விளைவு தெரியும் நேரம்தான். விறகு ஓரிரு நிமிடங்களில் பதில் சொல்கிறது. கரியோ அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். பொறுக்க மாட்டாமல் சக்கரத்தை மேலும் மேலும் திறந்தால், விளைவெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து அடுப்பு தாங்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கரியை எரிக்கும்போது சக்கரத்தைச் சிறிது திருப்பிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே நல்லது.

இத்தனை நுணுக்கமும் இரண்டு பிடிகளில் அடங்கியிருக்க, அவற்றின் மேல் நிறுவனம் பொறித்திருக்கும் குறிகள் மிக வறுமையானவை. எங்கள் அடுப்பின் மேல்பிடியில் எந்தக் குறியும் இல்லை; வலப்புறம் தள்ளினால் திறக்குமா மூடுமா என்பதைக் கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும். கையேடும் இரு எரிபொருள்களுக்கான நிலைகளை ஒரே படத்தில் நெருக்கிக் காட்டுகிறது. வெப்பத்தால் அழியாத பொறிப்பாக, விறகுக்கு இந்த எல்லை, கரிக்கு இந்த எல்லை என்று இரண்டு கோடுகள் இருந்திருந்தால், வீட்டுக்கு வரும் முதியவர்களும் அச்சமின்றி இயக்கியிருப்பார்கள். நானே மேல்பிடியின் பின்னுள்ள தகட்டில் மெல்லிய கீறல்களிட்டு வைத்திருக்கிறேன். பிடி சூடேறிவிடுவதால் கையுறை இல்லாமல் தொட முடியாது என்பது இன்னொரு குறை. சுருள்கம்பிக் கைப்பிடி கொண்ட அடுப்புகள் இதில் மேலானவை.

கிராதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறகு சாம்பல் படுகையின் மேல் கிடந்து எரிவதையே விரும்புகிறது. சாம்பல் வெப்பத்தைக் காத்துத் தணலை அணையவிடாமல் வைக்கிறது. கரிக்கோ கிராதி எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். கரியின் சாம்பல் தட்டில் குவிந்து கிராதியை முட்டினால் கீழ்க்காற்று அடைபடுவதோடு, குளிர்விக்கும் காற்று இல்லாமல் கிராதியின் கம்பிகளே வளைந்துவிடும். ஒரு நெம்புகோலால் மூடித் தளமாகவும் திறந்து சல்லடையாகவும் மாறும் கிராதிகள் சந்தையில் உண்டு. இரு எரிபொருள்களையும் உண்மையிலேயே மாறிமாறிப் பயன்படுத்துவோர் அத்தகையதையே தேட வேண்டும். எங்களுடையது நிலையான கிராதி. ஆகவே விறகு எரிக்கும் வாரங்களில் சாம்பலை உதிர்க்காமல் அதன்மேல் தேங்கவிடுகிறோம்; கரிக்கு மாறும்போது முழுவதும் சுத்தம் செய்கிறோம். விறகுச் சாம்பல் தோட்டத்துக்கு உதவும்; கரிச் சாம்பலைத் தோட்டத்தில் இடக் கூடாது.

தீ விரைவாகப் பிடிக்க வேண்டும் என்று சாம்பல் தட்டின் கதவைத் திறந்துவைத்து எரிப்பதை எந்நிலையிலும் செய்யாதீர்கள். கட்டுப்பாடற்ற கீழ்க்காற்று நேராகப் பாய்வதால் கிராதி உருக்குலையும், உட்தகடு வளையும், வார்ப்பிரும்பில் விரிசல் விழவும் கூடும். கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் எஞ்சும் கரியான பெட்ரோலியம் கோக் கலந்த எரிபொருளையும் தவிர்ப்பது நல்லது. அது மிகுந்த வெப்பத்தில் எரிந்து, கம்பிகளைக் காக்கும் அளவுக்குச் சாம்பலும் விடுவதில்லை.

சட்டத்தின் பக்கமும் காற்றுப் பிடியோடு தொடர்புடையதே. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த பின்னர் 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதிலிருந்து பிறந்தவை. அத்தகைய பகுதியில் அனுமதிக்கப்பட்ட புகையில்லா எரிபொருளை எந்த அடுப்பிலும் எரிக்கலாம்; விறகை எரிக்க வேண்டுமானால் டெஃப்ரா எனப்படும் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறையின் விலக்குப் பெற்ற அடுப்பு வேண்டும். விலக்குப் பெற்ற மாதிரிகளில் பெரும்பாலும் மேல்காற்றுப் பிடி ஓரளவுக்கு மேல் மூடாதபடி தடுக்கும் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைப் பழுது என்று எண்ணிக் கழற்றிவிடுவோர் உண்டு. அந்தத் திருகுதான் விறகு புகைந்துகொண்டே கிடக்காமல் காக்கிறது. அதை அகற்றினால் விலக்கின் அடிப்படையே போய்விடும். இங்கிலாந்தில் இத்தகைய பகுதியில் புகைபோக்கியிலிருந்து புகை வெளியேறினால் உள்ளாட்சி மன்றம் 175 பவுண்டு முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் சிறு அளவுகளில் விற்கப்படும் விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வீடுகளில் எரித்துவந்த சாதாரண நிலக்கரியின் பொதி விற்பனையும் அன்றே நின்றது. புதிதாகச் சந்தைக்கு வரும் அடுப்புகள் 2022 ஜனவரி 1 முதல், புகையின் அளவையும் செயல்திறனையும் வரையறுக்கும் எக்கோடிசைன் தர அளவுகளை நிறைவு செய்ய வேண்டும்.

ஈரமான விறகையும் கரியையும் கலந்து எரிப்பது தனித் தீங்கு. கரியில் உள்ள கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கியினுள் இட்ட எஃகுக் குழாயை அரிக்கும். புகையில்லாக் கரியை அடிக்கடி எரிக்க எண்ணுவோர் குழாய் வாங்கும்போதே 316 தரத்தைவிட அரிப்பைத் தாங்கும் 904 தர எஃகைக் கேட்டுப் பெறுவது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் கூரை வரை ஏறிச் செல்லும் குழாயை மாற்றும் செலவு அதைவிடப் பெரிது.

அடுப்போடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள் என்று நான் ஒன்றைச் சொல்வதானால், புகைக்குழாயில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெப்பமானியைச் சொல்வேன். ஒற்றைச் சுவர் கொண்ட குழாயில் அதன் முள் ஏறத்தாழ 115 முதல் 245 பாகை செல்சியஸ் வரை நிற்பது நல்ல எரிதல். அதற்குக் கீழே தார் படியும், அதற்கு மேலே அடுப்பு அளவுமீறிச் சூடாகும். குறிகளற்ற பிடிகளின் குறையை இந்தச் சிறு கருவி பெருமளவு ஈடுசெய்கிறது. காற்று பலமாக வீசும் இரவில் புகைபோக்கியின் இழுப்பு கூடுவதால் நேற்றைய பிடிநிலை இன்று பொருந்தாது; மழைத் தூறலும் மிதமான குளிரும் சேர்ந்த இலையுதிர்கால மாலையில் இழுப்பு குறைந்து தீ மந்தமாகும். அத்தகைய நாட்களில் முள்ளைப் பார்த்துப் பிடியை நகர்த்துவதே பயன் தரும். பழக்கத்தை நம்பினால் ஏமாற நேரும்.

தமிழ் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது சமையலறையின் புகை உறிஞ்சி பற்றியது. தாளிப்பின்போது நாம் அதை முழு வேகத்தில் ஓடவிடுகிறோம். சமையலறையும் முன்னறையும் தடுப்பின்றி ஒன்றாக இருக்கும் வீட்டில், அந்த உறிஞ்சி புகைபோக்கியின் இழுப்பையே தோற்கடித்து, அடுப்பின் வாயுக்களை அறைக்குள் இழுத்துவிடக் கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை உணர்ந்து ஒலிக்கும் கருவியை அடுப்பு நிறுவும்போதே அறையில் பொருத்துவது கட்டாயம். அது இருக்கிறது என்பதோடு நில்லாமல் அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். நிறுவும் வேலையை, திட எரிபொருள் அடுப்புகளை நிறுவுவோரைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.

யாருக்கு இந்த அடுப்பைப் பரிந்துரைப்பேன்? மாலையில் சில மணி நேரம் தீயின் அருகில் இருப்பவர்களுக்கும், கடுங்குளிர் நாட்களில் நீண்ட நேரச் சீரான வெப்பம் தேவைப்படுபவர்களுக்கும் இது பொருந்தும். விறகு மட்டுமே எரிக்க எண்ணுபவர் கிராதி இல்லாத, தளம் தட்டையான விறகடுப்பை வாங்குவது மேல். விறகு அதில் இதைவிட நன்றாக எரியும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் எந்தத் திட எரிபொருள் அடுப்பையும் வாங்காதிருப்பதே என் ஆலோசனை. எவ்வளவு கவனமாக எரித்தாலும் நுண்துகள்கள் முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைபோக்கியைச் சுத்தம் செய்விக்கும்போது, கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிற்றையும் சோதியுங்கள். அடுப்பு குளிர்ந்திருக்கையில் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தாள் எளிதில் வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால், இரு பிடிகளையும் எப்படி நகர்த்தினாலும் அவற்றைத் தாண்டி மூன்றாவது காற்று ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கயிற்றையும் அதற்குரிய பசையையும் கடையில் வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம்.